ரௌடி மீனைத் தூக்கினால் சண்டை நின்றுவிடுமா? ஒரு ஏஞ்சல் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

அம்பத்தூரில் என் தங்கை வீட்டு ஹாலில் இருக்கும் மீன்தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்ட விவகாரம் இது. ஏஞ்சல் வளர்க்கிற பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இது வரும். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல எது ரௌடி, எதைத் தூக்கணும்?" இந்தத் தொட்டியில் ரௌடியைத் தூக்கிப் பார்த்தாயிற்று, சண்டை நிற்கவில்லை. ஆகவே யார் அடிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எங்கே, எப்போது அடி விழுகிறது என்று பார்த்தோம். அப்படிப் பார்த்ததில் கிடைத்தவற்றைத்தான் எழுதுகிறேன்.

தொட்டியும் குடித்தனமும்

3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரம். கணக்குப்படி 160 லிட்டர் வரும், ஆனால் மணல், கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக நிற்பது 130 லிட்டர் தண்ணீர்தான். இடது பின் மூலையில் விளிம்பில் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டர், அதன் உறிஞ்சும் குழாய் வழவழவென்று கீழே வரை இறங்கியிருக்கும் (இந்தக் குழாயை நினைவில் வையுங்கள்). போர் தண்ணீர், கடினத்தன்மை அதிகம், பிஹெச் 7.8. ஹீட்டர் கிடையாது, சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி தேவையும் இல்லை, தண்ணீர் தானாகவே 28 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும்.

அலங்காரம் என்று பார்த்தால் ஒரு கோட்டை பொம்மை, வாய் திறந்து மூடும் புதையல் பெட்டி, நாலு அங்குல உயர பிளாஸ்டிக் செடிகள். எல்லாமே தரையில். அதற்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு வெறும் தண்ணீர், ஒளிய ஒரு குச்சிகூட இல்லை.

மீன்கள் கொளத்தூர் சந்தையில் வாங்கியவை. ஒரு ரூபாய் நாணய அளவில் ஆறு ஏஞ்சல்: இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளி, ஒரு மார்பிள், ஒரு கோய் (எல்லாம் ஏஞ்சலின் நிற வகைகள்தான்). கூடவே பத்து நியான் டெட்ரா, ஆறு செர்பே டெட்ரா, தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் நாலு, கண்ணாடியைத் துடைக்க ஒரு சக்கர். நாணய அளவில் இருக்கும்போது இந்தக் கூட்டம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆறு ஏஞ்சலும் ஒன்றாகவே சுற்றும், சண்டை என்று ஒன்றும் கண்ணில் படாது. வளர்ந்த ஏஞ்சல் உடல் நீளத்தில் 15 செ.மீ. வரை போகும், மேல் துடுப்பிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் அதைவிட அதிகம் என்பதை வாங்குகிற அன்று யாரும் யோசிப்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

புகார்

முதலில் நியான்கள் குறைந்தன. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு என்று காணாமல் போய், கடைசியில் ஒன்றுகூட இல்லை. இதை மாப்பிள்ளை (தங்கை கணவர்) 'சண்டை' கணக்கில் சேர்த்துவிட்டார். அது சண்டையே இல்லை, சாப்பாடு. ஏஞ்சலின் சொந்த ஊர் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளும் கயானா பகுதி ஆறுகளும். அங்கே சின்ன மீன்களும் அதன் இரையில் உண்டு, நியானும் அதே அமேசான் பக்கத்து மீன்தான். வாய்க்குள் நுழைகிற அளவில் ஒல்லியாக ஒரு மீன் இருந்தால் வளர்ந்த ஏஞ்சல் விழுங்கும், இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. இரை பிடிப்பதையும் இடத்துக்காக அடித்துக்கொள்வதையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வைத்தியம் தப்பாகப் போகும்.

ஏஞ்சல்களுக்கு ஒரு வயது நெருங்கும்போது நிஜச் சண்டை ஆரம்பித்தது. பெரிய கறுப்பு ஒன்று மற்றவற்றைத் துரத்தித் துரத்தி அடித்தது. வீட்டுப் பிள்ளைகள் அதற்குக் கறுப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வெள்ளி ஒன்று வலது மேல் மூலையில் தலையை மேலே தூக்கியபடி ஒடுங்கி நின்றது, பக்கவாட்டில் செதில் போய், ஒரு கண் வெளுத்து, சாப்பிட வராமல், சில நாளில் செத்தும் போனது. உடனே மாப்பிள்ளை கறுப்பனைப் பிடித்து ஏர் குழாய் போட்ட பக்கெட்டில் தனியாக விட்டார்.

இரண்டு நாள் அமைதி. அப்புறம் பெரிய வெள்ளி அடிக்க ஆரம்பித்தது. "மச்சான், இவ்வளவு நாள் இது சாதுவா இருந்ததே!" என்று போன் வந்தது. சாதுவாக இருக்கவில்லை, இரண்டாவது இடத்தில் இருந்தது. ஏஞ்சல் கூட்டத்தில் மேல்கீழ் வரிசை ஒன்று எப்போதும் உண்டு, தலையை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்காது, அடுத்தது ஏறும், ஏறும்போது மிச்சம் இருப்பவை எல்லாம் தங்கள் இடத்தை மறுபடி அடித்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இதற்கிடையே யாரோ சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளை கறுப்பனைத் திரும்பவும் உள்ளே விட்டார். அன்றைக்கு நடந்ததுதான் இருப்பதிலேயே மோசமான அடி.

பார்த்த விதம்

தொட்டி முன்னால் போய் நின்றால் உண்மை தெரியாது. ஆள் வந்தால் ஏஞ்சல்கள் தீவனம் என்று நினைத்து எல்லாச் சண்டையையும் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வந்து ஆடும். அதனால் மாப்பிள்ளையிடம் போனை எதிரே ஸ்டூலில் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு அறையை விட்டுப் போய்விடச் சொன்னேன். தீவனத்துக்கு முன், பின், தண்ணீர் மாற்றிய அன்று மாலை, சும்மா இருக்கும் ஒரு நாள் என்று எல்லா வேளையிலும் எடுத்தார். பிறகு ஒரு தாளில் தொட்டியைக் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு துரத்தலும் எங்கே ஆரம்பித்தது என்று புள்ளி வைத்தோம். துரத்தல் எங்கே முடிந்தது என்பது முக்கியமில்லை, எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் வேண்டும்.

புள்ளிகளில் பெரும்பாலானவை இடது மூலையைச் சுற்றி விழுந்தன. அந்தக் குழாயைச் சுற்றி.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கறுப்பனும் பெரிய வெள்ளியும் மாறி மாறிக் குழாயைக் கொத்திக்கொண்டிருந்தன. பசிக்காகப் பாசியைக் கொத்துகிற கொத்து இல்லை இது, மேலிருந்து கீழ் வரிசையாகத் துடைக்கிற வேலை. வயிற்றடியில் முட்டைக்குழல் நீட்டிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. காட்டில் ஏஞ்சல்கள் செங்குத்தான இலையிலும் நீரில் மூழ்கிய கிளையிலும் முட்டை ஒட்டும், தொட்டியில் அதற்குச் சமமாகக் கிடைப்பது அமேசான் ஸ்வோர்ட் செடியின் இலை, ஹீட்டர், ஃபில்டர் குழாய். ஆக இது ரௌடித்தனம் இல்லை, ஜோடி சேர்ந்து வீடு கட்டுகிறார்கள். ஜோடி சேர்ந்த ஏஞ்சல்கள் இந்த அளவுத் தொட்டியில் சர்வசாதாரணமாகப் பாதியைத் தங்களுடையது என்று எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் மற்ற எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கறுப்பனை எடுத்தபோது வெள்ளி ஏன் அடித்தது, திருப்பி விட்டபோது ஏன் அது உச்சத்துக்குப் போனது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாவது விஷயம் செர்பே. மார்பிளுக்கும் கோய்க்கும் துடுப்பு நுனிகள் கத்தரித்த மாதிரி போயிருந்தன, மார்புக்குக் கீழே தொங்கும் நீண்ட மீசைத் துடுப்புகள் இரண்டும் குட்டையாகிவிட்டன. ஏஞ்சல் ஏஞ்சலை அடித்தால் செதில் போகும், உதடு வீங்கும், கண் பாதிக்கும், துடுப்பு நீளவாக்கில் கிழியும். நுனி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கடிக்கிறது வேறு யாரோ. வீடியோவில் செர்பேக்கள் பின்னாலிருந்து வந்து கடித்துவிட்டு ஓடுவது தெளிவாக இருந்தது. மாப்பிள்ளை நம்பவில்லை, "அந்தப் பொடிசா?" என்றார். அந்தப் பொடிசுதான். செர்பேயும் டைகர் பார்பும் நீளத் துடுப்பு மீனோடு சேரவே சேராது. அதைவிட, கடி வாங்கிக் கடுப்பில் இருக்கும் ஏஞ்சல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஏஞ்சல் மேல் அதைத் தீர்த்துக்கொள்கிறது, பார்க்கிறவருக்கு ஏஞ்சல் சண்டை மட்டும்தான் தெரிகிறது.

சக்கர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரிய சக்கர்கள் ராத்திரியில் ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரித் தட்டை உடம்பு மீன்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் படலத்தைச் சுரண்டுவது உண்டு. விளக்கணைத்த பின் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். இது குட்டி சக்கர், கண்ணாடியிலேயே கிடந்தது. குற்றமற்றவர், விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

வீடியோக்களில் என்னை உட்கார வைத்தது ஞாயிறு மாலை எடுத்தது. மாப்பிள்ளை ஞாயிறு தோறும் தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றுவார். மாற்றிய சில மணி நேரத்தில் ஜோடி மட்டுமல்ல, இடது மூலைக்கு வராத மார்பிளும் கோயும்கூட ஒன்றையொன்று முட்டிக்கொண்டன, வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுற்றின. புதன், வியாழனில் அப்படி இல்லை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. 2018-இல் பிரேசில் ஆய்வாளர்கள் கடைகளில் கிடைக்கும் இதே ஏஞ்சல் இனத்தை (ஸ்கேலாரே) வைத்துத் தண்ணீர் மாற்றும் அளவுக்கும் சண்டைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். பாதித் தண்ணீரை மாற்றும்போது சண்டை கூடுகிறது, கால் பங்கு மாற்றினால் பாதிப்பு குறைவு என்பது அவர்கள் கண்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மீன்கள் யார் மேலே யார் கீழே என்பதைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை, தண்ணீரில் கலந்திருக்கும் ரசாயன வாசனையாலும் அறிகின்றன. பாதியை வாளியில் அள்ளிக் கொட்டினால் அந்த வாசனையும் பாதி போய்விடுகிறது, பழைய தீர்ப்பு செல்லாமல் போய் வழக்கு மறுபடி ஆரம்பமாகிறது. தண்ணீர் மாற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், கழிவிலிருந்து சேரும் அமோனியாவில் திணறும் மீன் சண்டைகூடப் போடாது, செத்துவிடும். அளவைப் பிரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொட்டிக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 30 லிட்டர் என்று வைத்தோம். மொத்தத்தில் கிட்டத்தட்ட அதே அளவுத் தண்ணீர்தான், ஆனால் ஒரேயடியாக இல்லை.

எந்தச் சண்டைக்குப் பயப்பட வேண்டும்

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது உண்டு, ஏனென்றால் மாப்பிள்ளை பயந்தது ஒன்றுக்கு, பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. துடுப்பை முழுதாக விரித்துப் பக்கவாட்டில் காட்டுவது, செவுள் மூடியைப் பிரிப்பது, வாலை அடித்துத் தண்ணீரை எதிராளி மேல் தள்ளுவது, வாயைக் கவ்வி இழுப்பது, இதெல்லாம் பார்க்கப் பயங்கரம். ஆனால் இவை இரண்டு சமமான மீன்கள் ஒன்றையொன்று எடைபோடும் சடங்கு, ஜோடி சேரும்போதும் இதே வாய்க்கவ்வல் நடக்கும். பெரும்பாலும் ஒன்று தோற்று விலகும், துடுப்பை மடக்கும், விஷயம் முடியும்.

பயப்பட வேண்டியது சத்தமில்லாத ஒருதலைத் துரத்தல். ஒன்று அடிக்கிறது, இன்னொன்று திருப்பி நிற்பதே இல்லை, தோற்றுவிட்டேன் என்று காட்டியும் விடுவதில்லை, ஓட இடமும் இல்லை. ஆற்றில் தோற்ற மீன் பத்தடி தள்ளிப் போய்விடும், 3 அடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்? மேல் மூலையில் ஒடுங்கி, நிறம் மாறி, துடுப்பை உடம்போடு ஒட்டி, தீவனத்துக்கு வராத மீனைப் பார்த்தால் அன்றைக்கே அதை வெளியே எடுக்க வேண்டும். அடிக்கிறதை இல்லை, அடிபடுகிறதை. செத்துப்போன சின்ன வெள்ளியின் அறிகுறிகள் வீட்டில் எடுத்திருந்த பழைய போட்டோக்களிலேயே வரிசையாக இருந்தன.

செய்தது

செர்பேக்கள் முதலில் கடைக்குத் திரும்பின. கடைக்காரர் காசு தரவில்லை, எடுத்துக்கொண்டதே பெரிது.

ஜோடியைப் பிரிக்காமல் சேர்த்தே ஒரு 2 அடித் தொட்டிக்கு மாற்றினோம். ஸ்பாஞ்ச் ஃபில்டர், சாய்த்து வைத்த ஒரு தரை ஓடு, மணல் எதுவும் கிடையாது. பிரச்சினையில் முக்கால்வாசி இந்த ஒரு வேலையில் தீர்ந்தது என்றுதான் சொல்வேன். முட்டையிடத் தொடங்கிய ஜோடியை மற்ற ஏஞ்சல்களோடு இந்த அளவுத் தொட்டியில் வைத்துச் சமாளிக்க வழி தேடுவது வீண். சூட்டைக் குறைத்தால் இனப்பெருக்க வேகம் குறையும் என்று குளிர் ஊர்க்காரர்கள் சொல்வார்கள், நம் ஊரில் ஹீட்டரே இல்லாமல் தண்ணீர் 28-இல் நிற்கும்போது எதைக் குறைக்க? கூட்டத்தை இன்னும் அதிகமாக்கினால் அடி பங்கு பிரிந்துவிடும் என்றும் ஒரு யோசனை வந்தது. அது ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் பெரிய தொட்டியும் பலமான ஃபில்டரும் வைத்துக்கொண்டு செய்வது. 130 லிட்டரில் பன்னிரண்டு ஏஞ்சலைப் போட்டால் சண்டை நிற்குமோ இல்லையோ தண்ணீர் கெடும்.

ஹால் தொட்டியில் கோட்டையும் புதையல் பெட்டியும் வெளியே போயின (பிள்ளைகளிடம் இதற்குத் தனிப் பேச்சுவார்த்தை நடந்தது). ஏஞ்சலுக்குத் தரையில் வைக்கும் மறைவு எதற்கும் உதவாது. அது உயரமான மீன், தண்டுகளுக்கும் கிளைகளுக்கும் நடுவில் நுழைந்து போகத் தோதாகத் தட்டையாக இருக்கிற மீன், அதன் எல்லையும் மேலிருந்து கீழ் வரை செங்குத்தாகப் போகிற எல்லைதான். அதனால் உயரமான டிரிஃப்ட்வுட் (தொட்டிக்கான மரக்கட்டை) இரண்டை நிற்க வைத்துத் தொட்டியை மூன்று அறை மாதிரிப் பிரித்தோம், நடுவில் நாடா போல நீண்ட இலை உள்ள வாலிஸ்னேரியா செடி நட்டோம். போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு வாலிஸ்னேரியா நன்றாகவே வரும், சீக்கிரம் மேல்மட்டம் தொடும். கணக்கு எளிமையானது: ஒரு மூலையில் இருக்கும் மீனுக்கு எதிர் மூலையில் இருக்கும் மீன் கண்ணில் படக்கூடாது. பார்வை அறுந்தால் பாதித் துரத்தல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

ஃபில்டர் குழாயைச் சுற்றி முரட்டு ஸ்பாஞ்ச் கட்டினோம், வழவழப்பு போனால் முட்டையிடும் ஆசை குறையும் என்று. தீவனம் இதுவரை இடது பக்கமே, அதாவது ஜோடியின் வாசலிலேயே போய்க்கொண்டிருந்தது, அதை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் பழக்கத்துக்கு மாற்றினோம்.

துடுப்பு போன மார்பிளுக்கு மருந்து எதுவும் ஊற்றவில்லை. சுத்தமான தண்ணீரில் துடுப்பு தானாக வளரும், பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தால்தான் தனி டப்பில் எடுத்து வைத்தியம். கோரிடோராஸ் இருக்கும் தொட்டியில் கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதற்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

நடந்தது

ஜோடித் தொட்டியில் ஒரு வேடிக்கை. முட்டையிட்டது கறுப்பன். வெளியே இருந்து பார்த்து ஏஞ்சலில் ஆண் பெண் சொல்வது கடினம், நெற்றி மேட்டை வைத்துச் சொல்கிறவர்கள் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார்கள். முட்டையிடும் சமயத்தில் குழலைப் பார்த்தால் தெரியும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கி இருக்கும், ஆணுக்கு ஒல்லியாகக் கூர்ந்து இருக்கும். இரண்டு பெண்கள்கூட ஜோடி போல நடந்துகொண்டு முட்டையிடும், அதில் குஞ்சு வராது என்பதால் நாங்கள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தோம். பிள்ளைகள் இன்னமும் கறுப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் சில முட்டைத் தொகுதிகளைப் பெற்றோரே தின்றுவிட்டன, புது ஜோடியில் இது சகஜம். அப்படித் தின்ற பிறகு வெள்ளி ஆண் கறுப்பனைத் துரத்த ஆரம்பித்தது, அதாவது சண்டை ஜோடியோடு சேர்ந்து இடம் மாறி வந்திருந்தது. காலித் தொட்டியில் ஒளியவும் வழி இல்லை, மற்ற மீன்கள் இல்லாததால் கோபத்தைக் காட்ட வேறு ஆளும் இல்லை. ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்றை நடுவில் செருகி, ஒன்றையொன்று பார்க்கும்படி ஆனால் தொட முடியாதபடி விட்டோம். சில நாளில் இரண்டும் தடுப்பை ஒட்டியே நிற்க ஆரம்பித்தன, எடுத்தோம், அடுத்த தொகுதி ஓட்டின் மேல் ஒட்டியது. 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரிந்து, இன்னும் சில நாள் ஓட்டிலேயே துடித்துக்கொண்டிருந்து, பிறகு நீந்தின. குஞ்சுகளுக்குத் தீவனமாக ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைப் பொரித்துப் போடும் வேலை இப்போது தங்கை தலையில்.

ஹால் தொட்டியில் மீதி மூன்று: ஒரு கறுப்பு, மார்பிள், கோய். மூன்று என்பது எனக்குப் பிடிக்காத எண், ஒன்று தலையாகி ஒன்றையே குறிவைத்தால் அடி பகிர ஆளில்லை. மார்பிள்தான் இப்போது பெரியவர், வலது டிரிஃப்ட்வுட்டைப் பிடித்துக்கொண்டது. கோயை அவ்வப்போது விரட்டுகிறது, கோய் வாலிஸ்னேரியாவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுகிறது, தீவனத்துக்கு மூன்றும் வருகின்றன, செதில் போகவில்லை. இந்த அளவு சண்டை இருக்கத்தான் செய்யும். ஞாயிறு மாலைக் கலாட்டா தண்ணீர் அளவைப் பிரித்த பிறகு வெகுவாக அடங்கிவிட்டது, அது குறைந்தது ஜோடி போனதாலா, தண்ணீராலா என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்தே செய்தோம்.

இந்த மூன்றில் இரண்டு ஜோடி சேர்ந்தால் மூன்றாவதைக் கடைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு. குஞ்சுகள் நாணய அளவு வந்ததும் தீவனத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதில் ஆறை மட்டும் நிறுத்தி ஹால் தொட்டியில் விடலாம் என்று மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்திருக்கிறார். "அப்போ நாலடித் தொட்டி வாங்குங்க மாப்பிள்ளை" என்றேன். தங்கை ஹாலை அளந்துவிட்டு இடம் இல்லை என்கிறாள்.